ஆறு விமானங்களை எதிர்த்த ஒருவன்

சண்டிகரிலே, 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், ஒரு வழியனுப்பு விழா நடந்தது. ஓய்வு பெறும் அதிகாரிக்கா? அல்ல. பதவி துறந்த அமைச்சருக்கா? அதுவும் அல்ல. ஒரு விமானத்துக்கு! மிக்-21 எனும் போர் விமானம் 1963இல் இந்தியப் படையிலே புகுந்து, அறுபத்திரண்டு ஆண்டுகள் வானைக் கிழித்துப் பறந்து, அன்றுதான் இறங்கி ஓய்ந்தது. நரைத்த தலையினரான பழைய விமானிகள் வந்திருந்தனர். அந்த இரும்புப் பறவையைப் பார்த்துக் கண் கலங்கினர். ஏடுகளிலே படம் வந்தது. வீடுகளிலே பேச்சு எழுந்தது.

உலகெங்கும் இந்த ஏக்கம் இருக்கிறது. வியட்நாம் போரிலே பறந்த விமானங்களை அமெரிக்கக் கிழவர்கள் இன்றும் பெயர் சொல்லிக் கொஞ்சுகிறார்கள். பாண்டம் என்பார்கள்; தண்டர்சீப் என்பார்கள். மறுபுறம் வியட்நாமியர், தங்கள் மிக் விமானத்தை ஹனோய் நகரத்துக் காட்சிசாலையிலே நிறுத்தி, பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டுகிறார்கள். காட்டட்டும்! காட்ட அவர்களுக்குக் காரணம் உண்டு. 1965ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், தான் ஹோவா பாலத்தின்மேலே, அளவிற் சிறிய, வேகத்திலும் குறைந்த மிக்-17 விமானங்கள், அமெரிக்காவின் தண்டர்சீப் விமானங்களை வீழ்த்தின. வல்லரசு வியந்தது, வாயடைத்துப் போயிற்று. ஒலியினும் இருமடங்கு விரைவாகப் பறக்கும் பாண்டம் விமானத்தைக் கட்டிய மேதைகள், ஏவுகணை இருக்கத் துப்பாக்கி எதற்கு என்று முதலிலே துப்பாக்கியே வைக்காமல் விட்டிருந்தார்கள். ஏவுகணை பலமுறை ஏமாற்றியது. 1969இலே அமெரிக்கக் கடற்படை, விமானிகளுக்கு வான்சண்டை கற்பிக்கத் தனிப்பள்ளியே தொடங்க நேர்ந்தது. கருவி பெரிதுதான், கருவியைப் பிடித்த கை அதனினும் பெரிது என்ற பாடத்தைக் கோடி கோடியாகக் கொட்டியபின் கற்றார்கள்!

மிக்-21 விடைபெற்ற செய்தியைப் படித்துவிட்டு வேங்கிக்கால் தோழர்கள் சிலர், பழைய போர் விமானங்களைப் பற்றி எழுதவேண்டும் என்று நம்மிடம் கேட்டனர். எழுதுகிறோம். ஆனால் தோழர்களே, விமானத்தைப் பற்றி அல்ல, விமானியைப் பற்றி!

ஏன் என்று கேட்பீர்கள். விடை உங்கள் ஊருக்கு மேற்கே, செங்கம் சாலையிலே இருக்கிறது. செங்கத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலே, வயல் வரப்பிலும் ஏரிக் கரையிலும், ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட நடுகற்கள் கிடைத்தன. தமிழகத் தொல்லியல் துறை 1972இலே அவற்றைத் தொகுத்து நூலாகவே வெளியிட்டது. அந்தக் கற்களிலே என்ன எழுதியிருக்கிறது? இன்ன மன்னனின் இத்தனையாவது ஆண்டிலே, இன்னாரின் மகன், இன்னாருடைய மறவன், ஆநிரை மீட்கும்போது பட்டான் என்று எழுதியிருக்கிறது. வில் இருக்கிறது, வாள் இருக்கிறது. அவை வீரனின் கையிலே இருக்கின்றன. வில்லைச் செய்த இடமும், வாளின் எடையும் வரலாறு ஆகவில்லை. வீரனின் பெயரே வரலாறு ஆயிற்று. எடுத்தனூர்க் கல்லிலே, தலைவன் விழுந்தபின்னும் கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற நாய்க்கும் இடம் கொடுத்து, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்தார்கள். நாயின் பெயரைக்கூட மறவாத மண் இது! இந்த மண்ணிலே நின்றுகொண்டு, விமானத்தின் பெயரை நினைவில் வைத்து, விமானியின் பெயரை மறந்தால் அது முறையாகுமா?

ஆகவே ஒரு பெயரைச் சொல்லுகிறோம்: நிர்மல் ஜித் சிங் செகோன்.

பஞ்சாபிலே லூதியானா மாவட்டம். அங்கே இசேவால் என்றோர் ஊர். உழவர் ஊர், கோதுமை ஊர். ஹல்வாரா விமானதளம் அவ்வூருக்குத் தொலைவிலே இல்லை. தந்தை திரிலோக் சிங், விமானப்படையிலே கீழ்ப்படியிலிருந்து உழைத்து உயர்ந்தவர். விமானத்தின் ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை, வேறு எதற்கு ஆசைப்படும்? ஆக்ராவின் தயாள்பாக் பொறியியற் கல்லூரியிலே சேர்ந்தான். படிப்பு முடியும்வரை பொறுக்கவில்லை. 1967ஆம் ஆண்டு சூன் 4ஆம் நாள் விமானப்படை அதிகாரியானான். அடுத்த ஆண்டு 18ஆம் அணியிலே இடம் பெற்றான். மன்னர் பரம்பரையா? இல்லை. மாளிகை வாழ்க்கையா? அதுவும் இல்லை. உழைப்பாளி வீட்டுப் பிள்ளை, நம்மவன். எனவேதான் அவன் என்றே உரிமையோடு அழைக்கிறோம்.

18ஆம் அணியிடம் இருந்தது நேட் எனும் சிறு விமானம். நேட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கொசு என்று பொருள் கொள்ளலாம். பெயருக்கு ஏற்ற உருவம். இறக்கையின் நீளம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 22 அடிதான். இங்கிலாந்திலே வடிவமைத்தார்கள், ஆனால் இங்கிலாந்தின் விமானப்படை அதைப் போர் விமானமாக ஏற்கவில்லை, பயிற்சிக்கு மட்டும் போதும் என்று ஒதுக்கிவிட்டது. இந்தியா வாங்கியது, வாங்கியதோடு நில்லாமல் பெங்களூரிலே, இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தொழிற்சாலையிலே, உரிமம் பெற்றுக் கட்டவும் தொடங்கியது. தகடு வெட்டியவன், ஆணி அறைந்தவன், குழாய் பொருத்தியவன், எண்ணெய்க் கறை படிந்த கையோடு ஒவ்வொரு திருகையும் முடுக்கிப் பார்த்தவன், எல்லோரும் தொழிலாளர்கள். அவர்கள் வியர்வைதான் வானத்திலே பறந்தது!

எதிரே நின்றது அமெரிக்கா செய்த சேபர். கொரியப் போரிலே புகழ் பெற்றது. 37 அடி இறக்கை, ஆறு துப்பாக்கிகள். பாகிஸ்தான் அதைத்தான் நம்பியிருந்தது. ஆனால் 1965ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் டிரெவர் கீலர் எனும் விமானி, நேட் விமானத்திலே சென்று சேபரை வீழ்த்தியதாகச் செய்தி வந்தது. 1971 நவம்பர் 22ஆம் நாள், வங்க எல்லையிலே போய்ரா எனும் இடத்திலே, நான்கு நேட் விமானங்கள் பாகிஸ்தானின் சேபர்களை மறித்துச் சிதறடித்தன. சிறைப்பட்ட பாகிஸ்தான் விமானிகளில் ஒருவரான பர்வேஸ் மெஹதி குரேஷி, பிற்காலத்திலே அந்நாட்டு விமானப்படைக்கே தலைவரானார். கொசு கடித்த கடியைக் கழுகு மறக்கவில்லை!

ஆனால் தோழர்களே, புகழ்ச்சியிலே பாதியை மறைக்க நமக்கு மனமில்லை. நேட் குறையில்லாத விமானம் அன்று. துப்பாக்கி சில வேளை சிக்கிக்கொள்ளும். விமானத்தைத் திருப்பி நிமிர்த்தும் இயங்குமுறை சில வேளை கைவிட்டுவிடும். அதிலே ஏறியவர்கள் பகைவனோடு மட்டுமல்ல, தங்கள் விமானத்தின் குறையோடும் போராடினார்கள். பழைய விமானத்தை எண்ணிப் பெருமூச்சு விடுவோர் இதைப் பேசுவதில்லை. மிக்-21 விழாவிலே மாலை போட்ட கைகள், அந்த விமானம் விபத்துக்கு உள்ளானபோது மாண்ட இளைஞர்களின் தாய்மாரின் கண்ணீரையும் நினைத்திருக்கவேண்டும்.

1971 டிசம்பர் 3ஆம் நாள் போர் மூண்டது. ஸ்ரீநகர் விமானதளத்தைக் காக்க 18ஆம் அணியிலிருந்து ஒரு பிரிவு அனுப்பப்பட்டது. ஸ்ரீநகர் ஏன் முக்கியம்? 1947 அக்டோபர் 27ஆம் நாள் டகோட்டா விமானங்கள் படைவீரரை இறக்கியதும் அங்கேதான். காஷ்மீரப் பள்ளத்தாக்கின் உயிர்நாடி அந்த ஓடுபாதை. ஆனால் போர்நிறுத்த ஏற்பாட்டின் காரணமாக, அமைதிக் காலத்திலே அங்கே போர் விமானங்களை நிறுத்திவைக்கவில்லை. எனவே போர் வந்தபின் சென்ற விமானிகளுக்கு, மலை புதிது, பனி புதிது, எலும்பைத் துளைக்கும் குளிர் புதிது. பகைவன் வருவதைத் தொலைவிலேயே காட்டிக்கொடுக்கும் ராடார் காவலும் பள்ளத்தாக்குக்குப் போதிய அளவிலே இல்லை. மலை முகட்டிலே கண்காணிப்போர் நின்று, கண்ணால் பார்த்துச் சொல்லவேண்டும். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் விமானம் தலைக்குமேல் வந்துவிடும்!

அந்தக் குளிரிலே, சேவை உடையோடு, விமானத்தின் அருகிலேயே காத்திருந்தான் செகோன். மணமாகிச் சில திங்களே ஆகியிருந்தன. இன்னும் முப்பது வயது நிரம்பவில்லை.

டிசம்பர் 14ஆம் நாள் காலை. பெஷாவரிலிருந்து புறப்பட்ட ஆறு சேபர்கள், மலைகளைத் தாண்டி ஸ்ரீநகர்மீது பாய்ந்தன. சிலவற்றிலே குண்டுகள், மற்றவை காவலுக்கு. தளத்திலே ஆயத்தமாக இருந்தவை இரண்டே நேட் விமானங்கள். முதலாவதிலே அணித் தலைவன் கும்மன்; இரண்டாவதிலே செகோன். கும்மன் மேலே எழும்பினான். பின்னாலே செகோன் எழவேண்டும். அந்நேரம் ஓடுபாதையிலே குண்டுகள் விழத் தொடங்கின. புழுதி எழுந்தது, புகை சூழ்ந்தது.

இங்கேதான் தோழர்களே, ஒரு கணம் நிறுத்திச் சிந்திக்கவேண்டும். அவன் எழாமல் இருந்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்? ஓடுபாதையிலே குண்டு வெடிக்கும்போது விமானத்தை விட்டு இறங்கிப் பதுங்குகுழியிலே புகுந்தால், எந்த நீதிமன்றம் தண்டித்திருக்கும்? உயிர் பிழைத்து, ஓய்வூதியம் பெற்று, பேரன் பேத்திகளோடு பழங்கதை பேசியிருக்கலாம். வழி இருந்தது, வாய்ப்பும் இருந்தது. ஆனால் அவன் புகைக்குள்ளே விமானத்தைச் செலுத்தினான். வெடிக்கும் குண்டுகளுக்கு நடுவே ஓடினான், எழுந்தான், எழுந்த வேகத்திலேயே சேபர்கள் இரண்டின் பின்னே பாய்ந்தான்!

மேலே மூடுபனி. கும்மனின் கண்ணுக்குச் செகோனும் தெரியவில்லை, சண்டையும் தெரியவில்லை. துணை சேர முடியாமல் போயிற்று. ஒருவன்! எதிரே ஆறு பேர்! மர உச்சியை உரசும் உயரத்திலே, வட்டமிட்டு வட்டமிட்டு நடந்த சண்டை அது. ஒரு சேபரைத் துரத்துகிறான். அவன் முதுகிலே இன்னொரு சேபர். அதைத் திருப்பி ஏமாற்றுகிறான், அடுத்தது வருகிறது. வேல்பட்ட களிறு, கூட்டத்துக்கு நடுவே நின்று சுழன்று தாக்குவதுபோல் அந்தச் சிறு விமானம் சுழன்றது.

எத்தனை சேபர் அடிபட்டது? ஒன்றைத் தாக்கினான், மற்றொன்றிலே தீ மூட்டினான் என்பது இந்தியத் தரப்பின் கணக்கு. எங்கள் விமானம் எதுவும் வீழவில்லை என்பது பாகிஸ்தான் தரப்பின் கணக்கு. போர்க்களத்துக் கணக்கை இரு நாடுகளும் இருவிதமாக எழுதுவது புதிதல்ல. ஆனால் ஒரு கணக்கிலே இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை: அவர்கள் ஆறு பேர், அவன் ஒருவன்.

இறுதியிலே நேட் அடிபட்டது. தளத்துக்குத் திரும்பும்படி அவனுக்குக் கட்டளை வந்தது. விமானம் சிறிது தூரம் நேராகவே பறந்தது. பிறகு தலைகீழாகப் புரண்டது. இயங்குமுறை கைவிட்டிருக்கவேண்டும். கடைசி நொடியிலே வெளியே பாய முயன்றான். விமானத்தின் கண்ணாடி மூடி தனியே பறந்ததைக் கண்டவர்கள் உண்டு. உயரம் போதவில்லை. நகரிலிருந்து தளத்துக்கு வரும் சாலையின் அருகே, ஒரு மலைப் பள்ளத்திலே விமானம் வீழ்ந்து நொறுங்கியது. தரைப்படையும் விமானப்படையும் தேடின, பலமுறை தேடின. விமானத்தின் சிதைவு கிடைத்தது. செகோனின் உடல் கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை.

இரண்டு நாள்! டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவிலே பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாள் மேற்கிலும் துப்பாக்கிகள் ஓய்ந்தன. வெற்றி விழா எடுத்தார்கள், வீதியெல்லாம் இனிப்பு வழங்கினார்கள். இசேவாலிலே ஒரு வீடு மட்டும் இருண்டு கிடந்தது. எரியூட்டவும் உடல் இல்லாத தந்தை. மஞ்சள் மணம் மாறுமுன்னே கணவனை இழந்த பெண்!

படைத்துறையின் தலையாய விருதான பரம வீர சக்கரம் அவனுக்கு, மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது. விடுதலை பெற்ற நாளிலிருந்து இதுவரை அந்த விருதைப் பெற்றோர் 21 பேர். அவர்களிலே விமானப்படையைச் சேர்ந்தவன் செகோன் ஒருவனே. 1985இலே கட்டப்பட்ட எண்ணெய்க் கப்பல் ஒன்றுக்கு அவன் பெயர். 2000இலே அஞ்சல் தலை. 2023இலே அந்தமான் பகுதித் தீவு ஒன்றுக்கு அவன் பெயர். லூதியானா நீதிமன்ற வளாகத்திலே அவன் சிலை நிற்கிறது. பக்கத்திலே ஒரு நேட் விமானமும் நிற்கிறது. பாருங்கள், அதுதான் சரியான முறை! விமானம் தனியே நிற்கவில்லை; வீரனின் பக்கத்திலே நிற்கிறது, செங்கத்துக் கல்லிலே மறவன் கையிலுள்ள வில்லைப்போல!

இவை எல்லாவற்றினும் உயர்ந்த மாலை ஒன்று உண்டு. அதைச் சூட்டியவர் பகைவர். அவன் விமானத்தைச் சுட்டு வீழ்த்திய பாகிஸ்தான் விமானி சலீம் பெய்க் மிர்சா, பின்னாளிலே அந்தச் சண்டையைப் பற்றி எழுதியபோது, தனித்து நின்று போரிட்ட அந்த இளைஞனின் வீரத்தைப் போற்றியே எழுதினார். கொன்றவன் கையே புகழ் எழுதியது! அரசுகள் பகை கொள்கின்றன. வீரம் வீரத்தை அடையாளம் கண்டுகொள்கிறது.

போரை நாம் போற்றவில்லை. போர் வேண்டுமென்று கூவுவோர் பெரும்பாலும் போருக்குப் போகாதவர்கள். போவது உழவன் மகன், தொழிலாளி மகன். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைக் கேளுங்கள். வீடுதோறும் படைக்குப் பிள்ளை தந்த ஊர் என்று பெயர் பெற்றது. அந்த ஊர்த் தாய்மாரைக் கேட்டால் போரின் விலையைச் சொல்லுவார்கள்.

ஆகவேதான் ஒரு கேள்வியை விடாமல் கேட்கவேண்டும். செகோனின் வீரத்தைப் பேசுகிற ஆட்சியாளர்கள், அந்தப் பள்ளத்தாக்கிலே முன்கூட்டி எச்சரிக்கும் ராடார் ஏன் இல்லை என்பதையும் பேசவேண்டும். கொதிகலன் பழுது என்று தெரிந்தும் தொழிலாளியை உள்ளே அனுப்பி, வெடித்தபின் பிணத்துக்கு மலர்வளையம் வைக்கும் முதலாளியை நாம் அறிவோம். வீரன் உயிரைக் கொடுக்கத் தயங்கமாட்டான் என்பதற்காக, அவன் உயிரை மலிவாகக் கணக்கிடுவது அதே குற்றம்! வீரவணக்கம் வேண்டும், விழாவும் வேண்டும். அவற்றுக்கு முன்னே பழுதற்ற விமானம் வேண்டும், பார்த்துச் சொல்லும் கருவி வேண்டும், பிள்ளையை இழந்த வீட்டுக்கு நிலையான ஆதரவு வேண்டும். இந்த மூன்றையும் கொடாமல் சிலை மட்டும் வைப்பவன் கடனைத் தீர்த்தவன் ஆகான்.

பஞ்சாபியன் வரலாறு தமிழனுக்கு எதற்கு என்று எவராவது கேட்டால், இரண்டு செய்தி சொல்லுங்கள். ஒன்று: பஞ்சாபி மொழிக்கென்று தனி மாநிலம் கேட்டு அம்மக்கள் நெடுநாள் போராடி, 1966 நவம்பர் 1ஆம் நாள் பெற்றார்கள். மொழிக்காக உரிமை கேட்ட அந்த மண்தான், ஐந்தாண்டு கழித்து ஸ்ரீநகர் வானத்திலே இந்த மகனைக் கொடுத்தது. தாய்மொழிப் பற்றுள்ளவன் நாட்டைக் காக்கமாட்டான் என்று பேசித் திரிவோருக்கு, இசேவால் ஊர் விடை சொல்லிவிட்டது. இரண்டு: செகோன் பறந்த அதே 18ஆம் அணி, 2016இலே கலைக்கப்பட்டு, 2020 மே 27ஆம் நாள் மீண்டும் பறக்கத் தொடங்கியது. எங்கே தெரியுமா? நமது கோவைக்கு அருகே, சூலூர் தளத்திலே! இப்போது அதன் கையிலே இருப்பது தேஜஸ் விமானம். அதைக் கட்டியதும் அன்று நேட் கட்டிய அதே பெங்களூர்த் தொழிற்சாலை.

சூலூர் வானத்திலே அந்த விமானங்கள் இரைந்து செல்லும்போது, கீழே நெசவாளியும் பஞ்சாலைத் தொழிலாளியும் அண்ணாந்து பார்க்கிறார்கள். விமானத்தின் வேகத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். கூடவே, புகை மூடிய ஓடுபாதையிலே பதுங்க வழியிருந்தும் பதுங்காதவனின் பெயரையும் சொல்லட்டும். உடல் கிடைக்காதவனுக்கு உரிய கல் அதுதான். நாயின் பெயரையும் பொறித்து வைத்த நாம், நிர்மல் ஜித் சிங் செகோனின் பெயரை நெஞ்சிலே பொறிப்போம்!